கேஸ் ஷீட் நகல் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் அன்று எல்லாருடைய கவனமும் பில்லில்தான் இருக்கும். இன்சூரன்ஸ் அப்ரூவல் வந்ததா, பாக்கி எவ்வளவு, வண்டி சொல்லியாயிற்றா என்ற பரபரப்பில், கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. பிறகு ஒரு நாள் வேறு டாக்டர், "அப்போ என்ன ஆபரேஷன் பண்ணாங்க? மயக்க மருந்து ஏதாவது ஒத்துக்காம போச்சா?" என்று கேட்பார். அந்த இரண்டு பக்க டிஸ்சார்ஜ் சம்மரியில் அதற்குப் பதில் இருக்காது. பதில் ஆஸ்பத்திரியில் இருக்கும் கேஸ் ஷீட்டில், அதாவது உங்கள் சிகிச்சை விவரங்களை எழுதி வைக்கும் பதிவில் இருக்கிறது. அதன் நகலைக் கேட்டு வாங்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

இந்த உரிமை இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளில் இருக்கிறது. உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதி கொடுத்தவரோ கேட்டால், மனுவைப் பெற்றதற்கு ஒப்புகை தந்து, 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். கொடுக்க மறுத்தால் அதே விதிகளின்படி அது டாக்டரின் தொழில்முறைத் தவறு. 2023 ஆகஸ்டில் புதிய விதிகள் வந்தன, ஆனால் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டன. எனவே பழைய விதிகளையே மேற்கோள் காட்டலாம். 3 ஆண்டுக் கணக்கை மட்டும் மறக்க வேண்டாம். அதற்குப் பிறகு போய், "பழைய ரெக்கார்டெல்லாம் அழிச்சாச்சு" என்று சொன்னால் சண்டை போட வழி குறைவு.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் 17 உரிமைகள் கொண்ட நோயாளி உரிமைச் சாசனம் ஒன்றைத் தயாரித்தது. அதை நடைமுறைப்படுத்தும்படி மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. நோயாளி வார்டில் இருக்கும்போதே கேட்டால், கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்கிறது இந்தச் சாசனம். ஜெராக்ஸ் செலவு நம்முடையது. நோய் என்ன, என்ன சிகிச்சை, என்ன சிக்கல் வரலாம் என்பதை நோயாளிக்குத் தெரிந்த மொழியில், புரியும்படி சொல்ல வேண்டும், பில் தகராறைக் காரணம் காட்டி நோயாளியையோ இறந்தவரின் உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் சாசனம் தனியாக ஒரு சட்டம் இல்லை. அதனால் மனு எழுதும்போது 2002 விதிகளை முன்னால் வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

என்னென்ன கேட்பது? கேஸ் ஷீட், நர்ஸ்கள் எழுதும் சார்ட், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, நாம் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம், ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் ஃபிலிம் அல்லது சிடி. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தாலோ கண்ணில் லென்ஸ் வைத்திருந்தாலோ, அந்தப் பெட்டியில் வரும் ஸ்டிக்கரில் கம்பெனி பெயரும் பேட்ச் எண்ணும் இருக்கும். அதையும் கேட்டு வாங்குங்கள்.

பலர் விட்டுவிடுவது பயாப்ஸி ரிப்போர்ட். பித்தப்பையையோ கர்ப்பப்பையையோ எடுத்தால், எடுத்த உறுப்பைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வர நாளாகும். அதற்குள் நோயாளி வீட்டுக்கு வந்துவிடுவார். சம்மரியின் கடைசியில் 'ஹெச்பிஇ ரிப்போர்ட் அவெய்ட்டட்' (அந்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை) என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். புண் ஆறிவிட்டது, வலி இல்லை என்று போகாமலே இருந்துவிடுகிறோம். புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் தாளே அதுதான்.

சம்மரியில் மருந்துப் பட்டியலுக்கு வருவோம். 1-0-1 என்றால் காலையும் இரவும். எஸ்ஓஎஸ் என்றால் தேவைப்பட்டால் மட்டும். இது பெரும்பாலோருக்குத் தெரியும். சிக்கல் வருவது பழைய மாத்திரைகளில். வீட்டில் ஏற்கெனவே பிரஷர் மாத்திரை இருக்கும், ஆஸ்பத்திரியில் அதே மருந்தை வேறு பிராண்டில் எழுதியிருப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டுத் தலைசுற்றி விழுகிறவர்கள் உண்டு. எனவே கிளம்பும் முன் பழைய மாத்திரை அட்டைகளையெல்லாம் டாக்டரிடம் காட்டி, எது தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எந்த அறிகுறி வந்தால் ரிவியூ தேதி வரை காத்திருக்காமல் உடனே வர வேண்டும் என்பதையும் கேளுங்கள். டாக்டரைத் தொந்தரவு செய்கிறோமோ என்று கூச்சப்பட வேண்டாம். புரியும்படி சொல்வது அவர் கடமைதான்.

ஒப்புதல் படிவம் எதற்கு என்று தோன்றலாம். 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சமீரா கோலி வழக்கில், பரிசோதனைக்காக லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டு கேமரா விட்டுப் பார்ப்பது) செய்ய ஒப்புக்கொண்ட பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருந்தபோதே அம்மாவிடம் கேட்டுக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். நோயாளி வயது வந்தவர், உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை, அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்பதைக் காட்ட அந்தப் படிவம் தேவை.

சரி, எப்படிக் கேட்பது? பெரிய ஆஸ்பத்திரிகளில் எம்ஆர்டி என்ற மருத்துவப் பதிவேடுகள் பிரிவு இருக்கும். மற்ற இடங்களில் மருத்துவக் கண்காணிப்பாளர் பெயருக்கு எழுதலாம். வாயால் கேட்டால், "நாளைக்கு வாங்க" என்பதே பதிலாக இருக்கும். ஒரு வெள்ளைத் தாளில் இப்படி எழுதுங்கள்: 'நான் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை தங்கள் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தேன். என் ஐபி எண் (உள்நோயாளி எண்) இது. 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி, என் முழு மருத்துவப் பதிவுகளின் நகலை 72 மணி நேரத்துக்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.' இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீலும் தேதியும் நேரமும் போட்டு வாங்குங்கள். 72 மணி நேரத்துக்கு அதுதான் சாட்சி. நோயாளியால் வர முடியாவிட்டால், அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தோடு வீட்டார் போகலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரிஜினல் அனுப்புகிறவர்கள், அனுப்பும் முன் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

தரவில்லை என்றால், அரசு மருத்துவமனையாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகள் 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருகின்றன, மாவட்டத்தில் மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் புகார் கொடுக்கலாம். டாக்டர் மீதான புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் போக வேண்டும். காசு வாங்கிக்கொண்டு தரும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. எல்லாருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் மட்டும் அந்த ஆணையத்தின் வரம்புக்குள் வராது.