டயாலிசிஸ் கை வீங்கினால் வெனோகிராம் எதற்கு?

டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கை வீங்கிவிட்டது என்று வருபவர்களில் பலர், அதற்குள் எண்ணெய் தேய்த்து, ஒத்தடம் கொடுத்து, இறுக்கிக் கட்டுப் போட்டுப் பார்த்திருப்பார்கள். வளையல் ஏறவில்லை, சட்டைக் கை பிடிக்கிறது என்ற நிலையில்தான் எங்களிடம் வருகிறார்கள். கை முழுவதும் வீங்கினால் நான் முதலில் சந்தேகப்படுவது தோளுக்கும் இதயத்துக்கும் நடுவே, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் பெரிய சிரைகளைத்தான்.

ஃபிஸ்டுலா தயாராகும் முன் அவசரத்துக்குக் கழுத்திலோ காறை எலும்புக்குக் கீழேயோ டியூப் போட்டு டயாலிசிஸ் செய்திருப்பார்கள். அது உரசி உரசிச் சிரையின் உட்சுவர் தடித்துச் சுருங்கிவிடும். டியூபை எடுத்த பிறகும் அந்தச் சுருக்கம் அப்படியே இருக்கும், ஆனால் வெளியே தெரியாது. சாதாரணக் கையிலிருந்து திரும்பும் ரத்தம் குறைவு, குறுகிய வழியே அதற்குப் போதும். ஃபிஸ்டுலா போட்டதும் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல், சிலருக்கு ஒரு லிட்டருக்கும் மேல், தமனி ரத்தம் அதே சிரைக்குள் பாய்கிறது. வெளியேற வழி போதாமல் கை வீங்குகிறது. காறை எலும்புக்குக் கீழே போடும் டியூபில் இந்தச் சிக்கல் அதிகம். அதனால்தான் முடிந்தவரை வலது கழுத்துச் சிரையிலேயே டியூப் போடச் சொல்கிறோம்.

ரத்த ஓட்டத்தை ஒலி அலைகளால் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் கையில் இருப்பதை நன்றாகக் காட்டும். நெஞ்செலும்புக்குப் பின்னால் அதற்குப் பார்வை எட்டாது. அங்கேதான் வெனோகிராம் தேவைப்படுகிறது. கையில் ஊசி குத்தி, எக்ஸ்-ரேயில் ரத்தக் குழாயைத் தெரியவைக்கும் டை என்ற மருந்தைச் செலுத்தி எக்ஸ்-ரேயை ஓடவிடுவோம். நல்ல சிரையென்றால் சில நொடிகளில் டை ஒரே ஓட்டமாக இதயத்துக்குப் போய்விடும். சுருக்கம் இருந்தால் காறை எலும்பருகே தேங்கி நிற்கும். பிறகு தோளிலும் நெஞ்சிலும் ஆலமர வேர்களைப் போலக் கிளைச் சிரைகள் திரையில் தோன்றும். உடம்பு தானாகத் தேடிக்கொண்ட மாற்றுப் பாதைகள் அவை. பெரும்பாலும் அதே மேசையிலேயே பலூன் வைத்து விரித்துவிடலாம். மரத்துப்போக ஊசி போட்டாலும் பலூன் விரியும் நேரத்தில் வலிக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சில மாதங்களில் மறுபடி சுருங்குவதும் உண்டு. அப்போது திரும்ப விரிக்க வேண்டியிருக்கும்.

"கிட்னியே போயிடுச்சு டாக்டர், இதுல டை வேற போட்டா என்னாகும்?" எல்லோரும் கேட்பது இதைத்தான். சிறுநீர் முற்றிலும் நின்றுபோனவருக்கு டையால் கெடச் சிறுநீரகத்தில் மிச்சம் எதுவும் இல்லை. டை போட்டதற்காகவே அன்றைக்கு அவசர டயாலிசிஸ் பொதுவாகத் தேவைப்படாது, வழக்கமான நாளில் செய்தால் போதும். ஆனால் கொஞ்சமாவது சிறுநீர் போகிறவர் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மிச்சத்தைக் காப்பாற்றியே ஆக வேண்டும். டையின் அளவைக் குறைத்துக்கொள்வோம்.

டை உள்ளே போகும்போது கை சூடாகும், சிலருக்கு வாயில் உலோகச் சுவை வரும். பயப்பட வேண்டாம், சீக்கிரம் அடங்கிவிடும். இறால், மீன் ஒத்துக்கொள்ளாது என்பதற்காக டையைத் தவிர்க்க வேண்டியதில்லை. முன்பு எப்போதாவது சி.டி. ஸ்கேனுக்கோ ஆஞ்சியோவுக்கோ டை போட்டபோது உடம்பு தடித்ததா, மூச்சு திணறியதா என்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

வீக்கம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்க வழக்கத்தைவிட நேரமாகிறது, மெஷினில் வீனஸ் பிரஷர் (ரத்தம் உடம்புக்குத் திரும்பும் பக்கத்து அழுத்தம்) ஏறுகிறது என்று டெக்னீஷியன் சொல்கிறார், நெஞ்சில் புதிதாக நீல நரம்புகள் தெரிகின்றன என்றால் அப்போதே உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் காட்டுங்கள். வரும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்து வாருங்கள். டியூப் எந்தப் பக்கம் போட்டார்கள், எத்தனை முறை போட்டார்கள் என்று அதில்தான் இருக்கும்.