அர்கமாஸ்: காரைத்தளமும் காரைக்களமும்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் பழைய தோட்ட வீடுகளைப் பற்றிப் பேச்சு வந்தால், அவற்றின் தட்டையான சுண்ணாம்புக் கூரையைக் குறிக்கும் 'அர்கமாஸ்' என்ற சொல் கட்டாயம் காதில் விழும். அருங்காட்சியகத்தில் வழிகாட்டுபவர் சொல்வார், பள்ளிச் சுற்றுலாவில் ஆசிரியர் சொல்வார். நம் பிள்ளைகளும் அதைப் பிரெஞ்சுச் சொல் என்று எண்ணிக் கேட்டுக்கொண்டு வருவார்கள். ஆனால் சொல் போர்த்துகீசியம். அது குறிக்கிற வேலை சோழமண்டலக் கரையின் கொத்தனார்களுடையது.

போர்த்துகீசிய மொழியில் 'அர்கமாஸா' என்றால் கட்டடத்துக்குக் குழைக்கிற சாந்து, அவ்வளவுதான். அதன் பின்பாதியான 'மாஸா' பிசைந்த மாவைக் குறிக்கும் லத்தீன் சொல். போர்த்துகீசியர் நம் கரைக்கு வந்தபோது வீட்டோடு சேர்ந்த சொற்கள் பல தமிழுக்குள் நுழைந்தன. சன்னல், அலமாரி, மேசை, சாவி எல்லாம் அப்படி வந்தவைதான். சாந்துக்கு மட்டும் நாம் போர்த்துகீசியரிடம் கடன் வாங்கவில்லை. காரை, சாந்து, சுண்ணம், சுதை என்று கைவசம் ஏராளமாக இருந்தன. 'வெள்ளி அன்ன விளங்கும் சுதை' என்று நெடுநல்வாடையே அரண்மனைச் சுவரைச் சொல்கிறது. சென்னைக்கு வந்த ஆங்கிலேயர் நம்முடைய சுண்ணத்தையே 'சுனாம்' என்று எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போர்த்துகீசியச் சொல்லை எடுத்தார்கள். அதுதான் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தது.

வந்த இடத்தில் பொருள் விரிந்தது. சாந்தைக் குறித்த சொல், அந்தச் சாந்தால் போட்ட தட்டையான கூரைக்கும் பெயரானது. அப்புறம் காப்பிக்கொட்டை காயவைக்கத் தோட்டத்தில் போட்ட அகலமான தரைக்கும் அதே பெயர். ஆக, ஒரே சொல்லுக்கு மூன்று பொருள். தமிழில் பெயர் வைக்கும்போது இதைக் கவனிக்காவிட்டால் குழப்பம்தான்.

கூரை எப்படிப் போட்டார்கள் என்று தெரிந்தால்தான் சொல்லின் கனம் புரியும். முதலில் சுவருக்குச் சுவர் மர உத்திரங்கள். அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களை நெட்டுக்குத்தாக, குறுக்குச் சாய்வாக, சுண்ணாம்புச் சாந்தில் நெருக்கி அடுக்குவார்கள். தமிழ்நாட்டில் இன்றும் 'மெட்ராஸ் ஒட்டு' என்று சொல்வது இதைத்தான். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டத் தட்டக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பார்கள். கட்டை பட்டால் தளம் அமுங்காமல் துள்ளி எழ வேண்டும், அதுவரை விடமாட்டார்கள். கடைசியில் மேல்பூச்சு, அல்லது தட்டோடு எனப்படும் தட்டையான ஓடு. சோழமண்டலத்தில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தோம். இந்தத் தீவில் கடலோரப் பவளப்பாறையைச் சுட்டு எடுத்தார்கள். சேன்-லே பக்கம் அந்தப் பழைய சூளையை இன்றும் பார்க்கலாம்.

1735இல் ரீயூனியனுக்கும் மொரீஷியசுக்கும் ஆளுநராக வந்த லா பூர்தொனே, புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். நாம் இங்கே நம் வரலாற்றைக் கரும்புத் தோட்டத்திலிருந்து, ஒப்பந்தக் கூலியாக வந்த பாட்டன் பூட்டனிடமிருந்தே தொடங்கிச் சொல்கிறோம். அதற்கு நூறாண்டுக்கு முன்பே கரணை, அதாவது சாந்து பூசும் கருவி, பிடித்த கைகள் வந்துவிட்டன. அவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் பொறிக்கப்படவில்லை. அதனால்தான் அவர்கள் வேலைக்கு நம் மொழியில் சரியான பெயர் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இவ்வளவு பிடிவாதம்.

சேன்-ழில்-லே-ஓ ஊரில் உள்ள வில்லேல் மாளிகைக்குப் போனால் நின்று மேலே பாருங்கள். 1787இல் தோட்ட முதலாளிகளான தெபாசேன் குடும்பத்துக்காகக் கட்டியது. மரச்சில்லுக் கூரையும் சரிவும் இல்லை. புதுச்சேரித் தெரு ஒன்றிலிருந்து பெயர்த்து வந்ததைப் போலத் தட்டையான தலை, முன்னே தூண் வைத்த தாழ்வாரம். அழகு என்று சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான அடிமைகள் உழைத்தார்கள். தீவில் அடிமை முறை ஒழிந்தது 1848 டிசம்பர் 20 அன்றுதான். அந்தத் தளத்தைப் பாராட்டுகிறவர் அதன் கீழே நடந்ததையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மொட்டைமாடி' என்று சிலர் எழுதுகிறார்கள். அது இடத்தைச் சொல்கிறது, செய்முறையைச் சொல்லவில்லை. நேற்றுக் கட்டிய கான்கிரீட் வீட்டுக்கும் மொட்டைமாடி உண்டு. 'மெத்தை' நல்ல பழைய சொல், மெத்தை வீடு என்றால் ஊரில் எல்லோருக்கும் புரியும். ஆனால் இங்கே பிறந்த பிள்ளை படுக்கையை நினைத்துக்கொள்ளும். சாந்தைக் குறிக்கும் இடத்தில் 'காரை' என்றும், கூரையைக் குறிக்கும் இடத்தில் 'காரைத்தளம்' என்றும் சொல்வதே என் தேர்வு. காப்பி காய்ந்த தரைக்கோ நெல் அடிக்கும் களமும் மிளகாய் காயும் களமும் கைகாட்டுகின்றன: 'காரைக்களம்'. சேன்-லூயியின் மேசோன் ரூஷ் தோட்டத்தில் காப்பி காய்ந்தது அப்படிப்பட்ட களத்தில்தான்.

சொல்லோடு சேர்ந்து பொருளையும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. காரைத்தளம் ஒழுகினால் முதலில் கைக்கு வருவது சிமெண்டு மூட்டை. தயவுசெய்து வேண்டாம். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கும், வெளியே விடும், கட்டடம் அசைந்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். மயிரிழை வெடிப்பு விழுந்தால் மழைநீரில் கரைந்த சுண்ணாம்பே மெல்லப் படிந்து அடைக்கும். மேலே சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி உத்திரத்தை அரித்துவிடும். கோயில் கோபுரத்துச் சுதை வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகளை வரவழைக்கிறோமே, அப்படி வருகிறவர்களிடம் காரை குழைக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேட்டால் என்ன? ஒரு சனிக்கிழமை நம் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்காரவைத்தால் காரை, கரணை, கடுக்காய் எல்லாம் ஒரே நாளில் வாயில் வந்துவிடும்.