போதை மீட்பில் மாத்திரையும் வேண்டும், பேச்சும் வேண்டும்

"குடியை விட மனம் வைத்தால் போதாதா டாக்டர், மாத்திரை எதற்கு?" என்று கேட்காத குடும்பத்தை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கி, 48 மணி நேரத்துக்குள் வலிப்பும், அதையொட்டி உயிருக்கே ஆபத்தான மனக்குழப்பமும் வரக்கூடும். மூளை மதுவுக்குப் பழகிப்போனதன் விளைவு இது. மன உறுதியால் இதைத் தடுக்க முடியாது.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வந்த ஒருவர், பேனா தாளில் நிற்காததால், இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்த நிலையில் அவரிடம் ஆலோசனை பேசுவது வீண். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் டயஸெபாமும், வைட்டமின் பி1 ஆன தயாமினும் கொடுத்து, தூக்கம் திரும்பிய ஐந்தாம் நாளில்தான், எந்த நேரத்தில், என்ன வருத்தத்தில் குடிக்கத் தோன்றுகிறது என்பதை அவர் எங்கள் உளவியல் ஆலோசகரிடம் தாமாகவே சொல்லத் தொடங்கினார்.

அதன்பின் குடிவேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவை உண்டு. கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால், குடிக்க அழைக்கும் நண்பனுக்கு என்ன பதில் சொல்வது என்பதையோ, பேசாமல் விட்ட மகளிடம் எப்படிப் பேசுவது என்பதையோ எந்த மாத்திரையும் கற்றுத்தராது. அதற்குத்தான் வாரந்தோறும் ஆலோசனைக்கு வரச் சொல்கிறோம்.

ஒன்றை மிகுந்த கவலையுடன் சொல்கிறேன்: மதுவை உடல் ஏற்காதபடி செய்யும் டைசல்ஃபிரம் மாத்திரையை நோயாளிக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்காதீர்கள். அதன்மேல் மது உள்ளே போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியுடன் இரத்த அழுத்தம் சரியலாம்; இதய நோயாளிக்கு மரணமும் நேரலாம். கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து உண்டு.

ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதைக்குத் தரப்படும் மெத்தடோன், புப்ரெநார்ஃபின் ஆகியவற்றை "ஒரு போதைக்கு இன்னொரு போதை" என்பவர்கள் இருக்கிறார்கள். 2005-இல் உலக சுகாதார நிறுவனம் இவ்விரண்டையும் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. உரிய அளவில் எடுப்பவர் மயங்கிக் கிடப்பதில்லை, வேலைக்குப் போகிறார். அவசரப்பட்டு மருந்தை நிறுத்தியவரின் உடல் தாங்குதிறனை இழந்திருக்கும்; அப்போது பழைய அளவில் போதைப்பொருளை எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும்.

இடையில் ஒருநாள் தவறி மீண்டும் போதையைத் தொட்டுவிட்டால், வெட்கப்பட்டுச் சிகிச்சையையும் விட்டுவிடாமல், அன்றோ மறுநாளோ வாருங்கள். மருந்தின் அளவை மாற்றவேண்டுமா என்பதையும், அந்த நாள் எங்கே வழுக்கியது என்பதையும் அப்போதுதான் சேர்ந்து பார்க்க முடியும்.