கத்தரிக்கோலுக்கு முன்னால் சிவப்பு ராஃபியா

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு சமூகத் தோட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பரங்கிக்கொடி ஒன்று வேலியைத் தாண்டி, பக்கத்துப் பாத்தியின் கத்தரிச்செடிகளை மூடி, நடைபாதை வரை வந்திருந்தது. "இவ்வளவு செழிப்பா இருக்கு தம்பி, ஒரு காய்கூட நிக்கமாட்டேங்குது" என்றார் அதை வளர்த்த அக்கா. ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பியிருக்கிறார். கையில் கைப்பேசி, அதில் ராட்சதப் பூசணி வளர்க்கும் வெள்ளைக்காரர் ஒருவரின் காணொளி. அந்த மனிதர் கூசாமல் கொடியை வெட்டித் தள்ளுகிறார். அக்காவுக்கு மனசு வரவில்லை.

தோட்ட ஆலோசகராக இந்தத் தீவைச் சுற்றிவரும் எனக்கு இது பழகிய காட்சி. இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கிறேன். ஒருவர் வெட்டவே மாட்டார். இன்னொருவர் காணொளியைப் பார்த்த கையோடு மொட்டையடித்துவிடுவார். இரண்டாமவரின் செடிதான் முதலில் சாகும்.

ராட்சதப் பூசணிக்காரர்கள் வெட்டுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. 2025 அக்டோபரில் இங்கிலாந்தின் இயன், ஸ்டூவர்ட் பாட்டன் இரட்டையர்கள் 1,278.8 கிலோ காயோடு உலகச் சாதனை படைத்தார்கள். இந்தப் போட்டிக் காய்களுக்கெல்லாம் மூலம், கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹோவர்ட் டில் உருவாக்கிய 'அட்லாண்டிக் ஜயன்ட்' ரகம். ஒரு செடிக்கு ஒரே காய்தான். நடுவில் தாய்க்கொடி, இருபுறமும் பக்கக்கொடிகள், மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். பக்கக்கொடியிலிருந்து கிளம்பும் மூன்றாம் தலைமுறைக் கிளைகளை மட்டும் விடமாட்டார்கள். இலை செய்யும் சர்க்கரை, வளரும் நுனிக்கும் போகும், காய்க்கும் போகும். நாற்பது நுனி இருந்தால் நாற்பது வாய். அக்காவின் கொடியில் பிஞ்சுகள் வெம்பி விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அடர்ந்த இலைகளுக்கு அடியில் பெண்பூ பூத்ததே தெரியாமல், தேனீயும் வராமல் போனது இன்னொரு காரணம்.

அதற்காக அந்த முறையை அப்படியே இங்கே இறக்கிவிட முடியாது. அவர்கள் ஒரு செடிக்குச் சுமார் 100 சதுர மீட்டர் ஒதுக்குவார்கள். நம் பூங்காக்களில் வாடகைக்குக் கிடைக்கும் பாத்தி இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். அங்கே இரவில் குளிரும். இங்கே நள்ளிரவிலும் 25 டிகிரி, பகலில் சேர்த்த சர்க்கரையில் ஒரு பங்கைச் செடி இரவில் மூச்சுவிட்டே செலவழித்துவிடும். அதனால் நான் ராட்சத ரகத்தைப் பரிந்துரைப்பதில்லை. நம்மூர் மஞ்சள் பரங்கி இந்த வெக்கையைத் தாங்கும். ஐந்தாறு கிலோவில் நல்ல காய் ஒன்று எடுத்தால் போதாதா?

சரி, எதை வெட்டுவது? முதலில் எதை வெட்டக்கூடாது என்று பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பின்னிக்கிடந்த ஒரு கொடியைச் சுத்தம் செய்தேன். பக்கக்கொடி என்று நினைத்து வெட்டினேன். மறுநாள் காலை, மூன்று மீட்டர் தள்ளி, தேங்காய் அளவுப் பிஞ்சோடு முன்பாதி முழுக்கத் துவண்டு கிடந்தது. நான் வெட்டியது தாய்க்கொடியை. வளர்த்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து, அடியிலிருந்து நுனி வரை விரலால் தடவிக்கொண்டே போய், நான்கைந்து கணுவுக்கு ஒருமுறை தாய்க்கொடியில் சிவப்பு ராஃபியாவை, அதாவது கட்டுவதற்கான நாடாவை, தளர்வாகக் கட்டுவேன். கட்டி முடிக்கும்வரை கத்தரிக்கோல் பைக்குள்தான்.

அப்புறம், நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலிக்கு விடாதீர்கள். இலை இடுக்கில் கிளம்பும் தேவையில்லாத கிளையை விரல் நீளத்திலேயே கிள்ளினால் காயம் ஒரே நாளில் ஆறிவிடும். வாரம் இரண்டு முறை பார்த்தால் போதும். அக்காவின் கொடி மாதிரி காடாகிவிட்டதென்றால் ஒரே நாளில் தீர்க்கப் பார்க்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு இன்று, மிச்சம் அடுத்த இரண்டு வாரங்களில். காய் நின்ற பிறகு அதைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு இலை விட்டு நுனியைக் கிள்ளுவது என் வழக்கம்.

மழைதான் இங்கே பெரிய வில்லன். பரங்கி இலையின் காம்பு உள்ளே குழல். பாதியில் வெட்டிவிட்டால் நிமிர்ந்து நிற்கும் அந்தக் குழாயில் பிற்பகல் மழை நிரம்பி, அழுகல் கணு வரை இறங்கும். காம்பை அடியோடு ஒட்டி வெட்டுங்கள், காலையில் வெட்டுங்கள், மழைக்கு முன் வெட்டுவாய் காயட்டும். ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்முன் கத்தரியை ஆல்கஹாலில் துடைப்பது அவசியம். மொசைக் வைரஸ்களில் சில சாறு வழியாகவும் பரவும். காணொளியில் கணுக்களை மண்ணில் புதைப்பார்கள். மழையில் ஊறும் நம் களிமண்ணில் அது ஆபத்து. கணுவுக்கு அடியில் இரண்டு கைப்பிடி கம்போஸ்ட் வைத்துக் கொடியை மேலே படுக்கவிட்டால் வேர் தானாக இறங்கும். காய்க்குப் பக்கத்துக் கணுவில் மட்டும் வேர்விட விடாதீர்கள். காய் பெருக்கும்போது கொடி மேலெழும்ப வேண்டும், இல்லையென்றால் காம்பு கிழியும்.

இன்னொன்று. இலையில் வெள்ளைத் திட்டைப் பார்த்ததும் சாம்பல் நோய் என்று அலறி, நல்ல இலைகளைக் கூடைகூடையாக வெட்டுகிறார்கள். மஞ்சள் பரங்கியின் பல ரகங்களுக்கு நரம்போரத்தில் வெள்ளித்திட்டு பிறவியிலேயே உண்டு. விரலால் தேயுங்கள். மாவு மாதிரி ஒட்டினால் நோய், ஒட்டாவிட்டால் அது இலையின் அழகு.

அன்று ஈசூனில் வெட்டியது இரண்டு பெரிய பை. முற்றிய கொடி கம்போஸ்டுக்குப் போனது. இளங்கொழுந்துகளைப் பக்கத்துப் பாத்தி மக்சிக் (மலாய் அம்மா), மாசாக் லெமாக் என்ற தேங்காய்ப்பால் கறி வைக்க வாங்கிக்கொண்டார். கத்தரிச்செடிக்கு வெயில் பட்டது.

அடுத்த வாரம் அக்காவிடமிருந்து படம் வந்தது. முட்டை அளவுப் பிஞ்சு, பக்கத்தில் சிவப்பு ராஃபியா. கீழே ஒரு வரி: "மக்சிக் கொடுத்த கறி ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி, இன்னும் கொஞ்சம் வெட்டட்டுமா?"

"வேண்டாம் அக்கா, கத்தரிக்கோலை உள்ள வைங்க" என்று உடனே பதில் போட்டேன்.