பன்னிரண்டு நாள் லீவில் நான்கு இம்ப்ளாண்ட்

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ லீவில் வருகிறவர்கள் என்னிடம் முதலில் சொல்வது எந்தப் பல் வலிக்கிறது என்பதை அல்ல, திரும்பிப் போகும் தேதியை. "டாக்டர், 12 நாள்தான் இருக்கேன், அதுக்குள்ள முடிச்சுடணும்." எதை முடிக்கணும் என்பது அப்புறம்தான் வரும். திருச்சியில் கிளினிக் வைத்திருப்பதால் இது பழகிப்போன வசனம். ஆனால் போன வாரம் வந்தவரின் வாயைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் சிங்கப்பூரில் ஷிப்யார்டில் வேலை பார்க்கிறவர். தங்கச்சி கல்யாணத்துக்கு வந்த சமயத்தில் வேறோர் இடத்தில் மேல்தாடையில் நான்கு இம்ப்ளாண்ட் (செயற்கைப் பல்லைத் தாங்க எலும்பில் வைக்கிற ஸ்க்ரூ) வைத்து, அதே வாரத்தில் "பெர்மனன்ட்" என்று பல்லையும் கட்டி ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இப்போது நான்கில் மூன்று ஆடுகிறது, ஈறை அழுத்தினால் சீழ் வருகிறது. பெரிதாக வலி இல்லையாம், அதனால்தான் இத்தனை மாதம் தள்ளிப்போட்டிருக்கிறார். என்ன கம்பெனி இம்ப்ளாண்ட் என்று கேட்டேன். "ஜெர்மனி" என்றார். ஜெர்மனி ஒரு நாடு தம்பி, கம்பெனி இல்லை. கையில் ஒரு பில் இருந்தது, அதில் "டென்டல் ட்ரீட்மென்ட்" என்று ஒரே ஒரு வரி, கீழே தொகை.

வெளிநாட்டிலிருந்து வந்து பல் கட்டிக்கொள்ளாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சிங்கப்பூரில் ஓர் இம்ப்ளாண்ட்டுக்கு, மேலே மாட்டுகிற கிரவுனோடு (பல் உறை) சேர்த்து, மூவாயிரம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் ஆகும், லண்டனில் இரண்டாயிரம் பவுண்டைத் தாண்டும். அதே தரத்தில் அதே கம்பெனி இம்ப்ளாண்ட்டை இங்கே அதில் கால் பங்கு செலவில் வைத்துக்கொள்ள முடியும் என்பது உண்மைதான். வந்து நன்றாக வைத்துக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர். சிக்கல் விலையில் இல்லை, நாள்கணக்கில்.

"மூன்றே நாளில் நிரந்தரப் பல்" என்று போனில் ஓடுகிற விளம்பரங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என் பொறுமையைச் சோதிப்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இம்ப்ளாண்ட் என்பது டைட்டேனியத்தில் செய்த ஸ்க்ரூ. வைத்த அன்று அது எலும்பில் நிற்பது வெறும் முறுக்குப் பிடியால், சுவரில் அடித்த ஸ்க்ரூ மாதிரி. அந்தப் பிடி நிலையானது இல்லை. ஸ்க்ரூவைச் சுற்றி நசுங்கிய எலும்பை உடம்பு முதலில் கரைக்கும், பிறகுதான் புது எலும்பைக் கட்டும். பழைய பிடி தளர்ந்து, புதுப் பிடி இன்னும் வராத இடைவெளி ஒன்று உண்டு. ஏறத்தாழ இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை. அதாவது, நீங்கள் ஊரிலிருந்து போய், டியூட்டியில் சேர்ந்து, "பல் செட் ஆயிடுச்சு" என்று ஆட்டுக்கால் கடிக்கிற வாரம்.

இது ஏதோ என் சொந்தக் கொள்கை இல்லை. ஸ்வீடனில் ப்ரோனமார்க் என்ற டாக்டர் 1965இல் முதல் நோயாளிக்கு டைட்டேனியம் இம்ப்ளாண்ட் வைத்த காலத்திலிருந்து கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் என்பதுதான் கணக்காக இருந்தது. இன்றைக்கு இம்ப்ளாண்ட்டின் மேற்பரப்பு மேம்பட்டிருப்பதால் அந்தக் காலம் குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நாள்கணக்கு ஆகிவிடவில்லை. எலும்பு நல்ல கெட்டியாக இருந்து, முறுக்கும்போது போதுமான பிடி கிடைத்தால், அன்றே பல் வைக்கலாம்தான், நானும் வைக்கிறேன். அது தற்காலிகப் பல். சிரிக்கவும் பேசவும் சாதம் பருப்பு சாப்பிடவும். இறுதிப் பல் சில மாதம் கழித்து வரும். விளம்பரத்தில் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள்.

"மூணு நாள்ல வைக்கிற வேற டைப் இருக்காமே" என்று கேட்பார்கள். இருக்கிறது. அடி எலும்பின் கெட்டியான பகுதியில் நிற்கிற மாதிரி ஒரே துண்டாக வரும் பேசல் இம்ப்ளாண்ட். எல்லாவற்றையும் ஒரே பாலமாக இணைத்துக் கட்டிவிடுவார்கள். எலும்பு மிகவும் தேய்ந்துபோன சிலருக்கு அதற்கு இடம் உண்டு. ஆனால் ஒன்று கெட்டால் முழுப் பாலத்தையும் கழற்ற வேண்டி வரலாம், நீங்கள் திரும்பிப் போகிற ஊரில் அதைத் தொடச் சம்மதிக்கிற டாக்டரைத் தேடிக் கண்டுபிடிக்கவும் வேண்டும். இரண்டு பல் போனவருக்கு இதைச் சிபாரிசு செய்கிறார்கள் என்றால், காரணம் உங்கள் எலும்பு அல்ல, உங்கள் ரிட்டர்ன் டிக்கெட்.

சரி, அப்படியென்றால் எப்படித்தான் வருவது? இரண்டு பயணமாகத் திட்டமிடுங்கள். முதல் தடவை பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, ஈறு நோயைச் சரிசெய்து, எலும்பு இருக்கிற இடத்தில் இம்ப்ளாண்ட். நான்கைந்து மாதம் கழித்து அடுத்த லீவில் பல். அந்த இரண்டாவது வரவுக்குப் பத்து நாள் தாராளம். டிக்கெட் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகும் லாபமாக இருந்தால் வாருங்கள். ஒரே ஒரு பல்லுக்காக டொராண்டோவிலிருந்து பறந்து வருவது பெரும்பாலும் நஷ்டக் கணக்குதான். அம்மா அப்பாவைப் பார்க்க எப்படியும் வருவீர்கள் என்றால் அது வேறு.

இன்னொரு கூட்டம், பல் எல்லாம் நன்றாக இருந்தும் வெள்ளையாக வேண்டும் என்று வருகிறவர்கள், பெரும்பாலும் கல்யாணப் பையன்கள். லண்டன் பக்கம் இருப்பவர்கள் இதற்குத் துருக்கிக்குப் போகிறார்கள், அந்த மாதிரி வரிசைக்கு அங்கே "துருக்கிப் பல்" என்றே பெயர் விழுந்துவிட்டது. வெனீர், அதாவது பல்லின் முன்பக்கம் ஒட்டுகிற மெல்லிய தகடு, என்று சொல்லித்தான் உட்கார வைப்பார்கள். எழுந்து வரும்போது இருபது பல்லுக்கும் கிரவுன். வெனீருக்கு முன்பக்கம் மெல்லியதாகச் சீவினால் போதும். கிரவுனுக்குச் சுற்றிலும் ராவி, வெளியே தெரிகிற பல்லில் பாதிக்கு மேல் போய்விடும். போன எனாமல் மறுபடி வளராது. அதில் சில பற்களுக்குப் பின்னால் ரூட் கெனால் தேவைப்படும், எல்லாக் கிரவுனையும் ஒரு நாள் மாற்ற வேண்டியும் வரும். 25 வயதில் ஆரம்பித்தால் வாழ்நாளில் எத்தனை தடவை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். முதலில் கிளீனிங், அப்புறம் பிளீச்சிங், அதற்கும் மசியாவிட்டால் பார்க்கலாம். பாதிப் பேருக்கு கிளீனிங் முடிந்ததுமே ஆசை தீர்ந்துவிடுகிறது. (எங்கள் தொழிலுக்கு இதைச் சொல்வது நஷ்டம்தான், பரவாயில்லை.)

சுத்தம். இதைப் பற்றி நோயாளிகள் கேட்பதே இல்லை, ஏசி இருக்கிறதா, சோபா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். 2023இல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடைய தொற்றில் 8 பேர் இறந்தார்கள், மூளை வரை போன பாக்டீரியா. வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது தடயம் போய் நின்றது சலைன் (உப்புநீர்) பாட்டிலில். ஈறை விலக்கும் கருவியாலேயே பாட்டிலைத் திறந்து, லேசாக மூடிவைத்து, மறுபடி மறுபடி அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். கேட்பதற்கு எவ்வளவு அற்பமான விஷயம்! அதனால் கூச்சப்படாமல் பாருங்கள். கருவிகள் ஒட்டிய பவுச்சிலிருந்து உங்கள் கண் முன்னால் வெளியே வருகிறதா? பவுச்சின் மேல் உள்ள குறி ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமியைக் கொல்லும் இயந்திரம்) நிறம் மாறியிருக்கிறதா? சலைன் உங்களுக்கென்று புதிதாகத் திறக்கப்படுகிறதா? கேட்டதற்கு முகம் சுளிக்கிற டாக்டரிடம் வாயைத் திறக்காதீர்கள்.

மருந்துச் சீட்டு. கனடாவிலிருந்து, லண்டனிலிருந்து அம்மாக்களைக் கூட்டிவருகிறவர்களுக்கு இது. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை போடுகிறவர்கள், வருஷம் ஒரு ஊசியோ ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியோ போட்டுக்கொள்கிறவர்கள், அதைச் சொல்லாமல் பல் பிடுங்க உட்காரக்கூடாது. அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் என்ற பெயர்களைப் பெட்டியில் பாருங்கள். சிலருக்குப் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பே செத்துப்போகும், புற்றுநோய்க்காக அதிக அளவில் போட்டுக்கொள்கிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். "சத்து ஊசிதான் டாக்டர்" என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி இவையும் கட்டாயம் தெரிய வேண்டும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வந்து நிற்காதீர்கள், அது வேறு வம்பு.

விமானம். மேல்தாடையின் பின்பக்கம் எலும்பு போதாமல் சைனஸ் லிஃப்ட் (மேலே இருக்கும் சைனஸ் காற்றறையின் அடிச்சவ்வைத் தூக்கி எலும்புக்கு இடம் உண்டாக்குவது) செய்தால், இரண்டு வாரமாவது பறக்க வேண்டாம் என்பேன், மூக்கையும் பலமாகச் சிந்தக்கூடாது. தையல் போட்ட மறுநாள் டிக்கெட் என்றால் நான் அந்த வேலையைத் தொடுவதே இல்லை.

கடைசியாகக் காகிதம். இம்ப்ளாண்ட் டப்பாவுக்குள் உரித்து ஒட்டுகிற ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி, மாடல், அகலம், நீளம், லாட் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். ஒன்று டாக்டரின் ஃபைலுக்கு, ஒன்று உங்களுக்கு. கேட்டு வாங்கி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் ஒவ்வொரு கம்பெனிக்கும் உள்ளே இருக்கும் ஸ்க்ரூவின் தலை வேறு, அதற்கான டிரைவர் வேறு. பெயர் தெரியாமல் வந்தால் எக்ஸ்ரே நிழலை வைத்துக்கொண்டு ஊகிக்கத்தான் முடியும். அந்த ஷிப்யார்ட் தம்பிக்கு என்னிடம் இருக்கிற டிரைவர்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன், எதுவும் உட்காரவில்லை, கடைசியில் பல்லை அறுத்துத்தான் எடுத்தோம். ஸ்கேன் ஃபைல் முழுவதையும் பென் டிரைவில் கேளுங்கள், பிரிண்ட் அவுட் போதாது. "15 வருஷ வாரண்டி" அட்டை கொடுத்தால், உடைந்தால் கிரவுன் மட்டுமா, இம்ப்ளாண்ட்டுமா, எந்த ஊரில் செய்து கொடுப்பார்கள் என்று அதிலேயே எழுதி வாங்குங்கள். டாக்டருக்குத் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் உரிமை, சுவரில் மாட்டியிருப்பதைப் படித்தாலே போதும்.

டிக்கெட் போடுவதற்கு முன்னால் அங்கேயே ஓர் ஓபிஜி எக்ஸ்ரே (இரண்டு தாடையும் முழுதாகத் தெரிகிற படம்) எடுத்து, மருந்துப் பட்டியலோடு அனுப்புங்கள். அதை வைத்து உத்தேசமாகத்தான் சொல்ல முடியும், நேரில் பார்த்தால் திட்டம் மாறலாம். எக்ஸ்ரேயைக்கூடப் பார்க்காமல் வாட்ஸ்அப்பில் செல்ஃபியை வைத்தே மொத்தத் தொகையும் முன்பணமும் கேட்கிறார்கள் என்றால் அந்த நம்பரை பிளாக் செய்துவிடுங்கள். அப்புறம், கல்யாணத்துக்கு வருகிறவர்களே, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கடைவாய்ப் பல் பிடுங்க வராதீர்கள், போட்டோவில் கன்னம் வீங்கித்தான் தெரியும்.