ரொமான்டிக் என்றால் காதலா? பைரனை வைத்து ஒரு சொல் விளக்கம்

படம் பார்த்துவிட்டு வருகிறவர் "இரண்டாம் பாதியில் ரொமான்ஸ் தூக்கல்" என்றால் நமக்கு உடனே புரிகிறது. கணவன் பூ வாங்கி வந்தால் ரொமான்டிக், மழையில் நனைந்தால் ரொமான்டிக். தமிழ்ப் பேச்சில் இந்தச் சொல் காதலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதில் தப்பில்லை, ஆங்கிலத்திலும் இன்றைய புழக்கம் பெரும்பாலும் அதுதான். ஆனால் 'ரொமான்டிக் பொயட்' என்பதை அப்படியே 'காதல் கவிஞர்' என்று தமிழாக்கும்போது பொருள் தடம் மாறிவிடுகிறது. ஆங்கிலக் கவிஞர் பைரன் பெயருக்குக் கீழே அப்படிப் போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. காதலை அவரைப்போல் கேலி செய்த கவிஞர்கள் குறைவு.

சொல்லின் வேர் ரோமாபுரி. லத்தீனில் 'ரோமானிக்கே' என்றால் ரோமானியரின் விதத்தில் என்று பொருள். காலப்போக்கில் அது ஏட்டு லத்தீன் அல்லாத, மக்கள் வாயில் புழங்கிய மொழிக்குப் பெயரானது. 12ஆம் நூற்றாண்டு பிரான்சில் லத்தீன் நூலை ஊர்ப்பேச்சில் பெயர்த்துச் சொல்வதை 'ரொமான்ஸில் போடுவது' என்றார்கள். அப்புறம் மொழியின் பெயர் அந்த மொழியில் சொன்ன கதைக்கே பெயராகிவிட்டது. குதிரைவீரன், மந்திரவாதி, அரக்கன், சிறைப்பட்ட இளவரசி எல்லாம் வருகிற கதைகள். காதல் அதில் ஒரு சரக்கு, அவ்வளவுதான். பிரெஞ்சில் இன்றும் 'ரொமான்' என்றால் நாவல்.

17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'ரொமான்டிக்' என்றால் 'அந்தக் கதைகளில் வருகிற மாதிரி' என்று அர்த்தம். நடக்க முடியாதது, மிகைப்படுத்தியது என்ற குறையும் அதில் தொனித்தது. பிறகு இடிந்த கோட்டையையும் மலைச்சரிவையும் பார்த்து வியந்து சொல்லும் சொல்லாயிற்று. 1798இல் ஜெர்மனியில் ஃப்ரீட்ரிஷ் ஷ்லேகல் என்ற விமர்சகர் புதிய கவிதைக்கே இதைக் கொடியாகப் பிடித்தார். பிரெஞ்சு எழுத்தாளர் மதாம் த ஸ்டால் ஜெர்மனியைப் பற்றி எழுதிய நூல் 1813இல் லண்டனில் அச்சாகி, சொல்லை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனது. விதிக்குக் கட்டுப்பட்ட அறிவுக் கவிதைக்கு மாறாக உணர்ச்சி, கற்பனை, இயற்கை, தனிமனித விடுதலை ஆகியவற்றை முன்னிறுத்திய இயக்கம் என்ற பொருள் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

பைரன் 1788இல் பிறந்தவர். பத்து வயதில் பிரபு பட்டம், 1812இல் ஒரே நூலால் பெரும்புகழ். அதே ஆண்டு பிப்ரவரி 27ஆம் தேதி பிரபுக்கள் சபையில் அவர் பேசிய முதல் பேச்சு, தறிகளை உடைத்த நெசவாளர்களுக்குத் தூக்குத் தண்டனை கூடாது என்பதுதான். 1816இல் மனைவியோடு பிரிவு, நாட்டைவிட்டே வெளியேறினார், உயிரோடு திரும்பவில்லை. 1824இல் கிரேக்க விடுதலைப் போருக்கு உதவப்போன இடத்தில், மிசலோங்கியில், காய்ச்சலில் இறந்தபோது வயது 36.

இவர் தன்னை ரொமான்டிக் என்று சொல்லிக்கொண்டவர் இல்லை. 1820இல் ஜெர்மன் கவிஞர் கதேவுக்கு எழுதிய ஒரு சமர்ப்பண உரையில், ஜெர்மனியிலும் இத்தாலியிலும் 'கிளாசிக்கல்', 'ரொமான்டிக்' என்று பெரிய சண்டை நடப்பதாகத் தெரிகிறது, நான் கிளம்பிய காலத்தில் இங்கிலாந்தில் இப்படிப் பிரித்துப் பேசும் வழக்கம் இல்லையே என்கிறார். பைரன், ஷெல்லி, வேர்ட்ஸ்வர்த் என்று அக்கால ஆங்கிலக் கவிஞர்கள் எல்லோரையும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் உட்கார வைத்தது பின்னால் வந்தவர்கள். வேர்ட்ஸ்வர்த்தைப் பைரன் அச்சிலேயே கிண்டல் செய்திருக்கிறார்.

அவருடைய பெரிய படைப்பு 'டான் ஜூவான்' என்ற நெடுங்கதைப் பாட்டு. 1819 முதல் பகுதி பகுதியாக வந்தது, 17ஆம் காண்டத்தில் பாதியில் நிற்கிறது. எட்டடிப் பாட்டு, இத்தாலியிலிருந்து எடுத்த வடிவம். முதல் ஆறு அடிகளில் இயைபு, அதாவது அடியின் கடைசி ஒலி ஒத்துவருவது, மாறி மாறி வந்து உணர்ச்சி ஏறும். கடைசி இரண்டடி ஒன்றோடொன்று இயைந்து டக்கென்று முடியும். அந்த இரண்டடியில்தான் பைரன் வேலையைக் காட்டுவார்.

இரண்டாம் காண்டத்தில் ஒரு காட்சி. மணமான ஜூலியாவோடு பழகியது அம்பலமாகி, பதினாறு வயது ஜூவானைத் தாய் கப்பலேற்றிவிடுகிறாள். அவன் ஜூலியாவின் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு புலம்புகிறான். கடல் வற்றினாலும் வானம் மண்ணைத் தொட்டாலும் உன்னை மறவேன் என்கிறான். கப்பல் ஆடுகிறது. வயிறு புரட்டுகிறது. "ஜூலியா, என் அன்பே!" என்று தொடங்கி, நடுவில் வேலைக்காரனைப் பார்த்து "அடே பெத்ரோ, சீக்கிரம் வாடா" என்கிறான். மறுபடி "ஜூலியா!", மறுபடி "இந்தப் பாழாய்ப்போன கப்பல் என்ன இப்படி ஆடுகிறது". கடைசி அடியில் வாந்தி வந்து பேச்சு நின்றுவிடுகிறது.

கதை அங்கே நிற்கவில்லை. கப்பல் மூழ்கி, படகில் தப்பியவர்கள் பசியில் யாரைத் தின்பது என்று சீட்டுப் போடுகிறார்கள். சீட்டுக்குக் காகிதம் இல்லை. ஜூலியாவின் கடிதத்தைப் பிடுங்கிக் கிழித்துச் சீட்டாக்குகிறார்கள். சீட்டு விழுவது ஜூவானின் ஆசிரியர் மேல். முதல் தடவை படித்தபோது சிரித்துக்கொண்டே வந்தவன் இந்த இடத்தில் உறைந்துபோனேன்.

இன்னோரிடத்தில், காதலி லாரா மனைவியாக வாய்த்திருந்தால் இத்தாலியக் கவிஞன் பெட்ரார்க் ஆயுசு முழுக்க அவளைப் பாடிக்கொண்டிருப்பானா என்று கேட்கிறார். துன்பியல் நாடகம் சாவில் முடிகிறது, இன்பியல் நாடகம் கல்யாணத்தில் முடிகிறது என்பதும் அவர் சொன்னதுதான். ஆனால் இது மனிதர்களை வெறுப்பவனின் கேலி இல்லை. நான் எதையாவது பார்த்துச் சிரிக்கிறேன் என்றால் அழாமல் இருப்பதற்காகத்தான் என்று நான்காம் காண்டத்தில் அவரே சொல்லிவிடுகிறார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? விமர்சனக் கட்டுரைகளில் அதிகம் தென்படுவது 'கற்பனாவாதம்'. பழகிய சொல், படிப்பவருக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு குறை. 'கற்பனாவாதி' என்றால் நடைமுறை தெரியாதவர் என்ற வசை ஒட்டிக்கொள்கிறது. நெசவாளர்களுக்காகச் சபையில் நின்றவருக்கு அது பொருந்தாது. மேலும் 'கற்பனாவாத சோசலிசம்' என்று வேறொரு கருத்துக்கு இந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது.

இன்னொன்று 'புனைவியல்'. என் ஓட்டு இதற்குத்தான். புனைவு என்றால் இன்று கதை, நாவல் என்று பொருளாகிவிட்டதே, குழம்பாதா என்று கேட்பார்கள். வேரே அதுதானே! பிரெஞ்சிலும் ஜெர்மனியிலும் நாவலின் பெயரும் இயக்கத்தின் பெயரும் ஒரே வேரில்தான் நிற்கின்றன. அதோடு 'புனை' என்ற வினைக்குத் தமிழில் அழகுசெய்தல், தொடுத்தல், தீட்டுதல் என்று பல கிளைகள். பாரதி 'ஷெல்லிதாசன்' என்று வைத்துக்கொண்டதைப் புனைபெயர் என்கிறோம், பொய்ப்பெயர் என்று சொல்வதில்லை.

தொல்காப்பியம் அகப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று இரண்டைச் சேர்த்துச் சொல்கிறது. சுவைபட வருவதையெல்லாம் ஓரிடத்தில் வந்ததாகத் தொகுத்துச் சொல்வது நாடக வழக்கு என்பது இளம்பூரணர் உரை. உலகத்தார் நடப்போடு ஒத்து வருவது உலகியல் வழக்கு. பழைய ரொமான்ஸ் கதைகளுக்கு இந்த 'நாடக வழக்கை'விடக் கச்சிதமான விளக்கம் நான் கண்டதில்லை. பைரனின் எட்டடியையும் இந்த இரண்டை வைத்தே படிக்கலாம்: ஆறடி நாடக வழக்கு, ஈரடி உலகியல் வழக்கு. ஜூலியா நாடகம், வாந்தி உலகியல்.

ஆகவே இலக்கிய இயக்கத்துக்குப் புனைவியல், அதன் கவிஞர்களுக்குப் புனைவியல் கவிஞர்கள். நடுக்காலக் குதிரைவீரர் கதைகளுக்கு 'வீரப் புனைகதை' என்றால் போதும். மெழுகுவத்தி ஏற்றி இருவர் உட்கார்ந்து சாப்பிட்டால், அங்கே 'ரொமான்டிக்' என்பதைத் தாராளமாகக் காதல் என்றே எழுதலாம்.