இறக்கம் தின்னும் சக்கரம்

நீலகிரியில் ரோடு பைக் ஓட்டுகிறவர்கள் சக்கரம் மாற்றப் போனால் முதலில் கேட்பது எடையைத்தான். ஜோடி எத்தனை கிராம்? மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மிதித்து ஏறுகிறவர் அப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் கேள்வியில் அவ்வளவு சரக்கு இல்லை.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். இடையில் 1,900 மீட்டருக்குச் சற்று மேல். ஒரு ஜோடி சக்கரம் இன்னொன்றைவிட 400 கிராம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். அந்த 400 கிராமை மட்டும் மேலே கொண்டுபோக ஆகும் ஆற்றல் சுமார் 7,500 ஜூல். 150 வாட் கொடுத்து மிதிக்கும் சராசரி ஆளுக்கு அது 50 விநாடி வேலை. மூன்று மணி நேரத்துக்கும் மேலே நீளும் ஏற்றத்தில் 50 விநாடி! வழியில் பர்லியாரில் நின்று மங்குஸ்தானுக்குப் பேரம் பேசவே அதைவிட நேரம் பிடிக்கும்.

மலையில் சக்கரத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது ஏற்றம் இல்லை, இறக்கம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், ஊட்டி வரை ஏறியதில் சேர்ந்த ஆற்றல் கிட்டத்தட்ட 16 லட்சம் ஜூல். இறங்கும்போது அத்தனையும் எங்காவது போயாக வேண்டும். கொஞ்சம் டயரின் உருளலில் போகும். காற்றைத் தள்ளுவதில் கணிசமாகப் போகும். மீதி பிரேக்கில் சூடாக மாறும். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், காற்று வாங்கிக்கொள்ளும் பங்கும் அங்கே குறைகிறது. அந்தச் சுமையும் பிரேக்கின் தலையில்தான் விழும்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையை எடுத்துக்கொள்வோம். 36 கொண்டை ஊசி வளைவுகள். நூறு மீட்டர் போனால் பத்து மீட்டர் இறங்கும் சரிவில், பயந்து பிரேக்கைப் பிடித்தபடியே மணிக்கு 20 கிலோமீட்டரில் இறங்குகிறீர்கள். புவியீர்ப்பு விநாடிக்கு 460 ஜூல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த மெதுவான வேகத்தில் காற்றும் டயரும் சேர்ந்து 60 ஜூல் எடுத்துக்கொண்டால் அதிகம். மீதி விநாடிக்கு 400 ஜூல், அதாவது 400 வாட், ஒரு ரிம்முக்கு (டயர் உட்காரும் வளையத்துக்கு) 200 வாட் வீதம், பிரேக் கட்டை உரசும் இடத்தில் இறங்குகிறது. அலுமினிய ரிம்மின் எடை அரைக் கிலோ. காற்று படாமல் இருந்தால் அது நிமிடத்துக்கு 27 டிகிரி சூடேறும். காற்று படுவதால் அவ்வளவு ஏறாது, ஆனால் வளைவுக்கு வளைவு வேகம் குறையும்போது குளிரவைக்கும் காற்றும் குறைந்துபோகிறது.

டியூபுக்குள் இருக்கும் காற்று 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால், 90 பிஎஸ்ஐ அடித்து வைத்தது நூறைத் தாண்டிவிடும். நல்ல ரிம்மும் டயரும் அதைத் தாங்கும். பழைய பஞ்சர் ஒட்டு தாங்காமல் போகலாம், சூட்டில் பசை இளகும். கார்பன் ரிம்மின் கதை வேறு. அலுமினியம் சூட்டைச் சுற்றிலும் பரப்பிவிடும். கார்பன் இழையைப் பிடித்து வைத்திருக்கும் பிசினோ சூட்டை அதே இடத்தில் தேக்கிக்கொள்ளும், ஒரு அளவைத் தாண்டினால் இளகும், ரிம்மின் பக்கச் சுவர் உப்பும். ரிம்மில் பிடிக்கும் பிரேக் உள்ள சைக்கிளில் கார்பன் சக்கரம் போட்டுக்கொண்டு கல்லட்டி இறங்குவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். சமவெளியில் அது அழகான பொருள், சரி.

இதைக் கொஞ்சம் ஓட்டும் விதத்திலும் சரிக்கட்டலாம். பிரேக்கை ஒரே சீராகத் தேய்த்துக்கொண்டே வராமல், நேர்ப்பாதையில் பார்வைக்கு எட்டும் வரை வேகத்தை விட்டு, வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, பிறகு விட்டுவிட வேண்டும். வேகம் கூடக் கூட காற்றின் தடை அதைவிட வேகமாக வளர்வதால், பிரேக் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியைக் காற்றே செய்துவிடும். பேருந்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இதெல்லாம் நடக்காது என்பதும் உண்மை.

சூடு ஒரு பக்கம் என்றால் தேய்மானம் இன்னொரு பக்கம். நீலகிரிக்கு இரண்டு மழையும் உண்டு. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவம் கொட்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு. ஈரச் சாலையில் எழும் நுண்மணல் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே புகுந்து உப்புத்தாள் வேலை செய்கிறது. மழையில் இறங்கி வந்தபின் ரிம்மில் படிந்திருக்கும் கருஞ்சாம்பல் குழம்பை வெறும் அழுக்கு என்று துடைத்துவிடுகிறோம். அதில் ஒரு பங்கு உங்கள் ரிம்தான். புது ரிம்மின் பக்கச் சுவர் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கனம். ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றிவிட வேண்டும். அதற்குமேல் ஓட்டினால், டயரின் காற்று உள்ளிருந்து தள்ளும் தள்ளலில் சுவர் ஒருநாள் பிளந்துகொள்ளும், பெரும்பாலும் பிரேக் பிடிக்கும் நேரத்தில். ரிம்மில் சிறு குழியோ கோடோ தேய்மான அடையாளமாக இருக்கும். அது மறைந்துவிட்டால் ரிம் முடிந்தது. அடையாளம் இல்லாத ரிம்மில் இரும்பு ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள், நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அந்த அளவு குழிந்திருக்கிறது. பிரேக் கட்டையில் குத்தி நிற்கும் அலுமினியத் துணுக்குகளை அவ்வப்போது ஊசியால் எடுத்துவிட்டால் ரிம்மின் ஆயுள் கண்ணுக்குத் தெரியும் அளவு கூடும்.

இனி கம்பிக்கு வருவோம். சைக்கிள் சக்கரத்தில் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது இந்தப் பகுதிதான். இரண்டு மில்லிமீட்டர் கம்பி, விரலால் வளைத்தால் வளையும். அழுத்தத்தைத் தாங்க அதற்குத் தெம்பே கிடையாது. அதை இழுத்துக் கட்டினால் மட்டும் ஒரு ஆளைத் தாங்குகிறது. இழுத்துக் கட்டிய கம்பியால் சக்கரம் செய்யலாம் என்று விமானவியல் முன்னோடி ஜார்ஜ் கெய்லி 1808-லேயே யோசித்தார், பறக்கும் பொறிக்காக. கம்பிகளை ஹப்பிலிருந்து (சக்கரத்தின் நடுக்குடத்திலிருந்து) நேராக வெளியே நீட்டாமல் தொடுகோட்டில் குறுக்கும் மறுக்குமாகக் கோக்கும் இன்றைய முறைக்கு சைக்கிள் தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் காப்புரிமை வாங்கினார்.

நல்ல சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 100 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவுக்கு இழுபட்டு நிற்கிறது. நீங்கள் ஏறி உட்கார்ந்தால் மேல் கம்பிகள் இன்னும் இறுகும் என்றுதான் தோன்றும். அளந்து பார்த்தால் மேலே மாற்றம் மிகக் கொஞ்சம். தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே உள்ள மூன்று நான்கு கம்பிகள் மட்டும் தங்கள் இறுக்கத்தில் ஒரு பகுதியை இழக்கின்றன. உங்கள் எடையைச் சக்கரம் தாங்குவது இந்த இழப்பின் வழியாகத்தான். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து மறுபடி இறுகும். சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் போகிறது. ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் ஓட்டினால் 23 லட்சம் தடவைக்கு மேல்.

கம்பி உடைவது பெரும்பாலும் அதிக இறுக்கத்தால் அல்ல, இந்த ஏற்ற இறக்கம் தரும் களைப்பால். அதுவும் ஹப்பின் துளையில் வளைந்து நுழையும் கழுத்தில். தளர்வாகக் கட்டிய கயிற்றுக் கட்டிலில் கயிறு நடுவில் அறாது, சட்டத்தின் விளிம்பில் அசைந்து அசைந்து அங்கேதான் அறும். சக்கரத்திலும் அதேதான். இறுக்கம் போதாத கம்பி பள்ளத்தில் விழும்போது முழுதாகத் தளர்ந்து, கழுத்தில் அசைந்து, கம்பியை ரிம்மில் இறுக்கிப் பிடிக்கும் சிறு திருகான நிப்பிளும் தானாகக் கழன்றுகொள்ளும். ஆகவே கம்பி உடைகிறதே என்று மற்றவற்றைத் தளர்த்தி ஓட்டுவது நோயை வளர்க்கிற வைத்தியம்.

பின்சக்கரத்தில் இன்னொரு சிக்கல். வலப்பக்கம் கேசட்டுக்கு, அதாவது பின் பல்சக்கரக் கொத்துக்கு, இடம் விட வேண்டியிருப்பதால் ஹப்பின் வலது விளிம்பு உள்ளே தள்ளி நிற்கிறது. ரிம் நடுவில் நிற்க வேண்டுமென்றால் வலக் கம்பிகளை மிக இறுக்க வேண்டும். இடப்பக்கத்துக்குக் கிடைப்பது அதில் பாதி, கொஞ்சம் கூட இருக்கலாம். அந்த இடக் கம்பிகள்தான் முதலில் தளர்கின்றன. கம்பித் துளைகள் நடுவிலிருந்து இடப்புறம் சற்றுத் தள்ளியிருக்கும் ரிம் கிடைத்தால் இந்த வேறுபாடு குறையும்.

கம்பிகள் அதிகமானால் சுமை பலரிடம் பிரியும். நம் பழைய கறுப்புச் சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி. அரிசி மூட்டை ஏற்றுகிற பக்கத்துக்கு எட்டு கம்பி கூடுதல், அவ்வளவு எளிய அறிவு. இன்றைய பந்தயச் சக்கரங்களில் 20, 24 என்று குறைத்துவிட்டார்கள். மலையில் தினம் ஓட்டுகிறவருக்குப் பின்னால் 32 வேண்டும். எடை 90 கிலோவுக்கு மேல் என்றாலோ பை கட்டிப் பயணம் போகிறவர் என்றாலோ 36. முன்னால் 28 போதும். கம்பி இரு முனையிலும் 2 மில்லிமீட்டர், நடுவில் 1.8 என்று மெலிந்திருக்கட்டும். மெலிந்த நடுப்பகுதி கூடுதலாக நீண்டு கொடுப்பதால் கழுத்துக்குப் போகும் அதிர்வு குறையும். கனமான கம்பிதான் உறுதி என்ற நம்பிக்கை இங்கே எடுபடாது. நிப்பிள் பித்தளையில் இருக்க வேண்டும். அலுமினிய நிப்பிள் பனியிலும் மழையிலும் அரித்துப்போய், கோட்டம் எடுக்கத் திருகும்போது கையோடு வந்துவிடும்.

ஹப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேசட் உட்காரும் பகுதி இரும்பாக இருந்தால் பல் பதிந்து அரையாது. பேரிங் கார்ட்ரிட்ஜ் வகை (அப்படியே முழுதாகக் கழற்றி மாற்றுவது) என்றால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு கோயம்புத்தூரில் எந்தப் பேரிங் கடையிலும் கேட்கலாம், சைக்கிள் கடையே வேண்டாம். வாங்குமுன் பின் ஹப்பின் அகலம் பாருங்கள். ரிம் பிரேக் சட்டகத்துக்கு 130 மில்லிமீட்டர். டிஸ்க் (ரிம்முக்குப் பதில் ஹப்பில் பொருத்திய தட்டைப் பிடிக்கும் பிரேக்) என்றால் பெரும்பாலும் 142. டிஸ்க் பிரேக் சைக்கிளில் ரிம் தேயாது, சூடும் ஆகாது, மேலே சொன்ன பாதிக் கவலை தீர்ந்தது. ஆனால் பிரேக்கின் முறுக்கு முழுவதும் கம்பி வழியாகப் போவதால் அங்கே கம்பி எண்ணிக்கையில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். ரிம்மின் அளவிலும் கவனம் தேவை. டயர் உட்காரும் இடத்தின் விட்டம் ரோடு பைக்குக்கு 622 மில்லிமீட்டர், பழைய கறுப்புச் சைக்கிளின் 28 அங்குலச் சக்கரம் 635. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது.

தயாரான சக்கரத்தை வாங்கினாலும் கம்பி கட்டத் தெரிந்தவரிடம் ஒருமுறை கொடுங்கள். இயந்திரம் கட்டியவை பலவும் தளர்வாகவும் சமமில்லாமலும் வரும். அவர் இறுக்கத்தைச் சமன் செய்து, இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கைக்குள் வைத்து நன்றாக நெரித்துவிட வேண்டும். வளைத்தபோது கழுத்தில் தங்கிப்போன உள் இறுக்கம் அந்த நெரிப்பில் விடுபடும். சில நாள் ஓட்டியபின் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

வழியில் கம்பி உடைந்தால், உடைந்ததை ஹப்பிலிருந்து உருவிவிடுங்கள், இல்லையேல் பக்கத்துக் கம்பியில் சுற்றிக் கட்டுங்கள். வலக் கம்பி போயிருந்தால் ரிம் இடப்பக்கம் இழுக்கும். அதற்கு இருபுறமும் உள்ள இடக் கம்பிகளை அரைச் சுற்று தளர்த்தினால் ஓரளவு நடுவுக்கு வரும். ரிம் பிரேக் கட்டையில் இடிக்கிறது என்றால் பின் பிரேக்கின் பிடியை அகலத் திறந்துவிட்டு, கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் முடியும்வரை தள்ளிக்கொண்டே இறங்குங்கள். முன் பிரேக் ஒன்றை மட்டும் நம்பி அங்கே ஓட்ட வேண்டாம். புதுக் கம்பி கேட்கும்போது நீளத்தை மில்லிமீட்டரில் சொல்ல வேண்டியிருக்கும். சக்கரம் கட்டுகிற அன்றே முன், பின் வலம், பின் இடம் என்று மூன்று நீளத்தையும் கேட்டு எழுதி, ஒவ்வொன்றிலும் இரண்டு கம்பி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.